குணமானவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி

சக்கரக்கா ஒரு நாளில் நடக்கிற தூரத்தை நூலாக்கிச் சுற்றினால் பூமிப் பந்தை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மிச்ச நூலில் நிலாவையும் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிவிடலாம். சரி, நிலாவை விட்டுவிடலாம். அது கொஞ்சம் அதிகப்படிதான். பூமியும் ஒரு சுற்றுத்தான் வரும். அதுவும் வராது என்பவர்கள் அவளோடு ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போய் வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தபடியேதான் சாப்பிடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். ஊரார் தலையெல்லாம் அவர் கைக்குள் அடங்கும், மனைவியின் கால் மட்டும் அடங்காது. "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அவர் எப்போதோ சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் சக்கரக்காதான்.

அவளுக்கு வேலை பேருந்துப் பணிமனையில். கண்டக்டர்கள் கொண்டுவந்து கொட்டுகிற தோல்பைகளை எண்ணி வாங்கும் காசாளர். இருபத்தாறு கண்டக்டர்கள், இருபத்தாறு பைகள், இருபத்தாறு விதமான சாக்குகள். அங்கே அவள் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: கிழித்த சீட்டும் கையிலுள்ள காசும் ஒத்துப்போனால் அன்றைய நாள் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம். இந்தக் காசு யாருடையது என்று பணிமனையில் யாரும் கேட்பதில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் பணிமனையுடையதுதான். இந்த ஒரு பாடம்தான் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளியது.

ஊரார் இரவல் கடை என்று கூப்பிடும் சங்கத்துக்கு அவள் போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து.

அந்தச் சங்கம் தொடங்கி இருபத்தொரு வருடம் ஆகிறது. மருந்துக்கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர் வீட்டில் பெரியவர் போய்விட்டதால் சும்மா கிடந்த சக்கர நாற்காலியை வாங்கிக் கடை வாசலில் வைத்தார். 'வேண்டியவர்கள் எடுத்துப்போய், முடிந்ததும் கொண்டுவந்து விடவும்' என்று ஒரு அட்டையும் தொங்கவிட்டார். முதலில் எடுத்துப்போனவர் கொண்டுவந்து விடவேயில்லை. தேடிக்கொண்டு போனால், நாற்காலியின் மேல் ஒரு தையல் இயந்திரம் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் பிறந்ததுதான் முன்பணம். எதை எடுத்தாலும் இரண்டாயிரம் கட்டிவிட்டு எடுத்துப்போ. பொருள் திரும்பி வந்தால் பணம் திரும்பிப் போகும். வாடகை என்று ஒரு காசு கிடையாது. நாளடைவில் ஊன்றுகோல், வாக்கர், தலைப்பக்கம் தூக்கும் கட்டில், காற்று மெத்தை என்று பொருள்கள் பெருகின. மருந்துக்கடைக்காரர் தலைவரானார். உடைந்ததைச் சரிசெய்ய, சைக்கிள் கடையில் வேலை பார்த்த ஒருவனைச் சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். சட்டைப்பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் குலுங்குவதால் அவன் பெயர் நட்டு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கண்டக்டர் மறந்துவிட்டுப் போன பையைக் கொடுக்க ஓடுகிற பேருந்தைத் துரத்தினாள் சக்கரக்கா. பையைக் கொடுத்துவிட்டாள், கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. இரவல் கடை நாற்காலி வீட்டுக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அவள் போட்ட ஓட்டத்தில் முன்சக்கரம் இரண்டும் கழன்று சாக்கடையில் விழுந்தன. கட்டுப் பிரித்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் முன்பணத்தைத் திருப்பி வாங்கியவள், வாசல்படி தாண்டியும் திரும்பி வந்தாள்.

"குடுத்ததுக்கு என்கிட்ட கையெழுத்து வாங்கலையே?"

"நீங்கதான் பணத்த வாங்கிட்டீங்களேம்மா. அப்புறம் எதுக்குக் கையெழுத்து?" என்றார் தலைவர்.

"வாங்கலன்னு நாளைக்கு வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

 தலைவர் கணக்கு நோட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பொருளாளர் ஆனவிதம் அதுதான். சம்பளம் இல்லாத வேலை. பணிமனை முடிந்ததும் மாலையில் ஒரு மணி நேரம்.

முதல் எட்டு வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. வங்கியில் இரண்டு கணக்கு. பச்சை அட்டைப் புத்தகம் நன்கொடைக்கு, சிவப்பு அட்டை முன்பணத்துக்கு. பச்சையிலிருந்து வாடகை, சம்பளம், டியூப், டியூப் ஒட்டும் பசை. சிவப்பைத் தொடுவதில்லை. பிறகு, சங்கம் வாடகைக்கு இருந்த கொட்டகையை அதன் உரிமையாளர் இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். புதுக் கொட்டகைக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ். பச்சையில் தேநீர்ச் செலவுக்குத்தான் இருந்தது. சிவப்பில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். நூற்றிருபது பேருடைய முன்பணம்.

"ஒரே ஒரு மாசம்மா. கைமாத்து மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் தலைவர்.

அவள் எடுத்தாள். 'ஒரு மாதத்தில் திரும்ப வைக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டெழுதி நோட்டில் குத்தியும் வைத்தாள். அடுத்த வாரமே வங்கியில், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பச்சைப் புத்தகத்துக்கு அபராதம் போட்டார்கள். "ஒரே கடைக்கு எதுக்கும்மா ரெண்டு பூட்டு?" என்று தலைவர் சொல்ல, இரண்டையும் ஒரே கணக்காக ஆக்கிவிட்டார்கள். புது நோட்டு வந்தது. துண்டுச் சீட்டு பழைய நோட்டோடு பரணில் ஏறியது.

அதற்குப் பிறகு நான்கு வருடம். சங்கத்தின் கையிருப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இந்த மாதம் பார்த்தால் அதே எண். அடுத்த மாதம் பார்த்தாலும் அதே எண், நூறு இருநூறு அப்படி இப்படி. ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் தலைவர் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு, "பாறை மாதிரி நிக்குது" என்பார். சக்கரக்காவுக்கும் பெருமைதான். வரவையும் செலவையும் அவள் மாலைதோறும் ஒத்துப் பார்ப்பாள். ஒரு நாளும் பிசகியதில்லை. ஓரிடத்தில் நில்லாத மனுஷியை ஏமாற்ற, நின்ற இடத்தில் நிற்கும் ஓர் எண் போதுமாயிருந்தது.

பாறை அசைந்தது ஒரு நல்ல செய்தியால். ஊரிலிருக்கிற பெரிய மருத்துவமனை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போதே நாற்காலியோ வாக்கரோ சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. முன்பணம் கிடையாது. யாரைக் கேட்டாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள். சக்கரக்காவும் சொன்னாள்.

அந்த மாதம் இரவல் கடைக்குப் பொருள் திருப்பித் தர வந்தவர்கள் பத்தொன்பது பேர். புதிதாக எடுக்க வந்தவர்கள் ஏழு பேர். மாதக் கடைசியில் கையிருப்பு ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிசகில்லை. மறுபடி பார்த்தாள். அப்போதும் பிசகில்லை. எங்கேயும் தப்பில்லாமல் ஒரு பணம் குறைந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போனாள், டீ குடிக்காமல் திரும்பி வந்தாள். வரிசையாய் நின்ற வாக்கர்களை எண்ணினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"அக்கா, ஜன்னல் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் நட்டு, தலைகீழாய்க் கிடந்த நாற்காலிக்குள்ளிருந்து.

அப்போதுதான் கொத்தனார் வந்தார்.

சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் நாற்காலியில் இருந்தவர். அவர் மகள் மாதாமாதம் அதைக் கொண்டுவந்து பிரேக்கை இறுக்கிக்கொண்டு போவாள். இன்றைக்கு அந்த நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வருகிறார். கொஞ்சம் சாய்ந்த நடைதான். ஆனாலும் சொந்த நடை. நட்டு ஸ்பேனரைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினான். "வாங்க மேஸ்திரி! அடுத்து எந்த மாடியில ஏறப்போறீங்க?"

சக்கரக்காவின் கண் பணப்பெட்டிக்குப் போனது. இன்னொரு இரண்டாயிரம் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் வாயும் திறந்துவிட்டது.

"அதுக்குள்ளயா கொண்டுவந்துட்டீங்க? இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்திருக்கலாமே?"

கொத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஏங்க... நான் நடக்கறது சரியில்லையா?"

அவள் பெட்டியைத் திறந்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள், கையெழுத்து வாங்கினாள். அவர் போகும்போது வந்ததைவிட மெதுவாகப் போனார். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் தன் நாக்கை இழுத்து வைத்து அறுத்துவிடலாம் போலிருந்தது.

இது அவளுக்குப் புதிதில்லை என்பதுதான் இன்னும் மோசம். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். யாராவது படியேறி வந்தால் முதலில் காலைத்தான் பார்த்தாள். நொண்டினால் நிம்மதி. நேராக நடந்தால் பயம். நாற்பத்தொன்பது வயதில், ஊரார் குணமாவதைப் பார்த்து முகம் வெளுக்கும் ஒருத்தியாகத் தான் ஆகிவிட்டோம் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. ஏன் ஆனோம் என்பது தெரிய வேண்டியிருந்தது.

நட்டுவிடம் சாக்குக்கட்டி வாங்கினாள். கொட்டகையின் சிமெண்டுத் தரையில், வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் நடந்து நடந்து எழுதினாள். மாதக் கடைசிக் கணக்குப்படி வெளியே போயிருக்கும் பொருள் முந்நூறு. ஒன்றுக்கு இரண்டாயிரம். ஆறு லட்சம். கையில் ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். மிச்சம் நாலு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் எங்கே? பின்சுவரில் முட்டித் திரும்பினாள். கொட்டகை அட்வான்ஸ் ஐம்பதாயிரம். மாதச் செலவு இருபத்தெட்டாயிரம், நன்கொடை இருபதாயிரம், மாதம் எட்டாயிரம் துண்டு விழுகிறது. நாலு வருடமும் ஒரு மாதமும், மாதம் எட்டாயிரம். மாதத்துக்குத் திருப்பி வாங்கியவர்களைவிட நாலு பேர் கூடுதலாய் முன்பணம் கட்டினார்கள், அதுவும் எட்டாயிரம். அந்த எட்டு இந்த எட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் பாறை அசையவில்லை.

நட்டு முட்டிபோட்டு ஒவ்வொரு வரியாய்ப் படித்துக்கொண்டே வந்தான். "அப்போ வங்கியில இருக்கறது?"

"நம்மது இல்ல."

"என் சம்பளத்துல?"

"மாசம் எட்டாயிரம் கொத்தனாரோடது. அவர் மாதிரி இருக்கறவங்களோடது."

"நாலு வருஷமாவா?" நட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த துணியில்தான் கிரீஸ் அதிகம் இருந்தது. "காலு போனவங்க காசுலயா நான் கறி வாங்கித் தின்னேன்?"

"தின்ன வச்சது நான்" என்றாள் சக்கரக்கா.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனாள். வீட்டுக்காரர் அப்போது ஒரு வாடிக்கையாளர் முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் காத்திருப்போர் பலகையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டதைக் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உட்கார்ந்ததுதான் காரணம்.

"தலையில கை வச்சுப் பொழைக்கறவன் நானு. நீ ஏம்மா வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

சொன்னாள். நுரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் கத்தியைத் தோலில் தீட்டினார்.

"நீ எடுத்துக்கிட்டியா?"

"இல்லைங்க."

"தெரிஞ்சு மறைச்சியா?"

"தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

"ஒரு கன்னத்த மழிச்சுட்டு இன்னொரு கன்னத்தத் துண்டால மூடி அனுப்பினேன்னு வை. அவன் தெருமுனை திரும்பறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். நானே 'இருங்க, பாதிதான் ஆயிருக்கு'ன்னு சொல்லிட்டா அது வேலை. போய்ச் சொல்லிடு."

"என் கன்னத்த மொதல்ல முடிங்க" என்றார் நுரைக்காரர்.

தலைவர் அப்போது சங்கத்தின் ஆண்டு விழா வேலையில் இருந்தார். இருபத்தொரு வருடத்தில் ஒரு வருடம்கூட நஷ்டம் காட்டாத சங்கம் என்று பதாகை எழுதக் கொடுத்திருந்தார். கையிருப்பைக் காட்டி ஒரு வேன் வாங்குவதாகவும் திட்டம். மருந்து அலமாரிகளுக்கு நடுவே நின்று, நடந்து, மறுபடி நின்று அவள் சொன்னதை அவர் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்.

"சரிம்மா. முந்நூறு பேருக்குத் தரணும். ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல குணமாகிடவா போறாங்க?"

"ஆகணும்னுதானேங்க நீங்க ஆரம்பிச்சீங்க."

கத்தரிக்கோல் நின்றது. அவர் கெட்ட மனிதரில்லை. கைதட்டலுக்குப் பழகிய மனிதர், அவ்வளவுதான். "கூட்டத்துல சொல்லாதீங்க. நமக்குள்ள பாத்துக்கலாம். பேரு போயிடும்" என்றார்.

ஒன்பது நாள் அவள் சும்மா இருந்தாள். சும்மா என்றால் அவள் அர்த்தத்தில்: பணிமனையில் ஒரே பையை மூன்று முறை எண்ணினாள், வீட்டில் துவைத்த துணியையே துவைத்தாள், கொத்தனார் வீட்டுத் தெருவுக்கு இரண்டு முறை போய்க் கதவைத் தட்டாமல் திரும்பினாள். அந்த ஒன்பது நாளில் மட்டும் ஆறு பேர் பொருளைத் திருப்பித் தந்தார்கள், ஆறு பேர் புதிதாக எடுத்துப்போனார்கள். புதிதாகக் கட்டிய பணத்தை எடுத்து அப்படியே திருப்பிக் கேட்டவருக்குக் கொடுத்தாள். ஆறாவது முறை அப்படிக் கொடுத்துவிட்டு நோட்டை மூடினாள். முன்பு தெரியாமல் செய்தது. இப்போது தெரிந்தே செய்கிறாள்.

ஆண்டுக் கூட்டம் எப்போதும் கொட்டகையில்தான். உறுப்பினர்கள் இருபத்துமூன்று பேரும் பழுது பார்த்த சக்கர நாற்காலிகளிலேயே உட்காருவார்கள். வேறு நாற்காலி கிடையாது. யாருக்காவது பேச்சு பிடிக்கவில்லையென்றால் மெல்ல உருண்டு பின்னால் போவார்கள். தலைவர் எழுந்து, "வழக்கம்போல இந்த வருஷமும்" என்று தொடங்கினார். சக்கரக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அவளுக்கு எழ வேண்டிய சிரமமில்லை.

"வழக்கம்போல இல்லைங்க. நாம நாலு லட்சத்து நாப்பத்திரண்டாயிரம் தர வேண்டியிருக்கு. நம்மகிட்ட அது இல்ல. கணக்குப் பாத்தது நான். நாலு வருஷமாத் தப்பாப் பாத்தது நான்."

ஒரே நேரத்தில் பத்து நாற்காலி உருண்டது. வக்கீல் ஒருவர், தேய்மானம் என்று ஆளுக்கு ஐந்நூறு பிடித்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர், திருப்பி வாங்க வருபவர்களிடம் 'நன்கொடையா விட்டுடுங்களேன்' என்று கேட்கலாமே என்றார்.

"கேட்டா விட்டுடுவாங்க" என்றாள் அவள். "நம்ம கட்டில்ல அம்மாவைப் படுக்க வச்சிருந்தவங்க எப்படிங்க மாட்டேன்னு சொல்லுவாங்க? அது கேக்கறது இல்ல, பிடுங்கறது. மொதல்ல அவங்க கையில குடுக்கணும். கைக்குப் போன பிறகு அவங்களாக் குடுத்தா வாங்கிக்கலாம்."

"என் சம்பளத்துல பாதி எடுத்துக்கோங்க" என்றான் நட்டு.

"நீ வாய மூடு. உன்னப் பட்டினி போட்டு இன்னொரு பள்ளம் தோண்டணுமா?"

"கொட்டகைய விட்டா வாடகை ஒன்பதாயிரம் மிச்சம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம் திரும்பி வரும்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். "விட்டுட்டு எங்க போறது?" என்றார் வக்கீல். யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு கிடங்கு இருப்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்க்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சரி, சரி, எல்லாரும் ஏன் தரையப் பாக்கறீங்க? கிடங்க எடுத்துக்கோங்க. அட்டைப்பெட்டியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனா என் வீட்டம்மா என்னைத்தான் வெளிய வைப்பா" என்றார். விழாவுக்கு அவர் சொந்தமாய் எடுத்து வைத்திருந்த அறுபதாயிரமும் மறுநாள் வந்தது. கைதட்டல் இல்லாமல் அவர் கொடுத்த முதல் பணம் அதுவாகத்தான் இருக்கும்.

முன்பணம் வாங்குவதை அன்றோடு நிறுத்தினார்கள். இரண்டு புத்தகம் மறுபடி வந்தது. சக்கரக்கா இன்னொன்றும் கேட்டாள்: வாசலில் ஒரு பலகை. 'நாங்கள் திருப்பித் தர வேண்டியதில் எங்களிடம் இல்லாதது' என்று மேலே பெயிண்டில். கீழே சாக்குக்கட்டியில் அன்றன்றைய எண். அட்வான்ஸையும் அறுபதாயிரத்தையும் கழித்து அவள் எழுதிய முதல் எண், மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

"கடன்காரன் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் தலைவர்.

"நெத்தியில இருந்தா யாரும் நம்மள விசாரிக்க வேண்டியதில்ல" என்றாள்.

சலூன், டீக்கடை, பேருந்து நிறுத்தம் என்று செய்தி ஓடியது, அவளைவிட வேகமாக. இரவல் கடை திவாலாம். மறுநாள் காலை வாசலில் வரிசை. நாற்காலிகள், வாக்கர்கள், ஒரு தள்ளுவண்டியில் முழுக் கட்டில். அவள் பணிமனைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு இருபத்தேழு பேருக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் பத்தொன்பது பேருக்கு. ஒருவரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணினாள், கொடுத்தாள், கையெழுத்து வாங்கினாள். பெட்டியில் பணம் இறங்க இறங்க அவள் கால் இன்னும் வேகமாக நடந்தது. இப்படியே போனால் வாரக் கடைசியில் ஒருவரிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டி வரும். யாரிடம் என்பதுதான் தெரியாது.

வாடகைத் தள்ளுவண்டியில் கட்டில் கொண்டுவந்தவர் ஒரு காய்கறி வியாபாரி. பணத்தை வாங்கிப் பையில் வைத்தவர் கண்ணைத் துடைத்தார்.

"அம்மா எழுந்துட்டாங்களா?" என்று கேட்டாள் சக்கரக்கா.

"எங்கங்க. தரையில படுக்கப் போட்டுட்டு வந்திருக்கேன். நீங்க மூடிட்டா காசு போயிடுமேன்னு..."

சக்கரக்கா நட்டுவைப் பார்த்தாள். "ஏத்து" என்றாள். கட்டில் அதே வண்டியில் திரும்ப ஏறியது.

"காசு?" என்றார் வியாபாரி.

"உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே முன்பணம் கிடையாது. அம்மா எழுந்ததும் கொண்டுவாங்க."

"போக வரன்னு ரெண்டு வாடகை ஆகுமே" என்றான் வண்டிக்காரன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களில் நாலைந்து பேர் தாங்கள் கொண்டுவந்த வாக்கரைப் பார்த்தார்கள், வீட்டில் அது இல்லாமல் சுவரைப் பிடித்து நிற்பவரை நினைத்தார்கள், திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் வந்தவர்கள் நான்கே பேர். அவர்கள் நால்வரும் நிஜமாகவே குணமானவர்கள்.

அதற்குப் பிறகு ஒரேயடியாக எதுவும் நடந்துவிடவில்லை. வீட்டுக்காரர் சலூன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு டப்பா வைத்தார். கன்னம் அவர் கத்தியின் கீழ் இருக்கும்போது போட மறுக்க யாருக்குத் தைரியம் வரும்? பணிமனைக் கண்டக்டர்கள் மாதம் ஒரு நாள் தேநீரைத் தியாகம் செய்தார்கள். பணத்தைக் கையில் வாங்கி, வாசல்வரை போய், பலகையைப் படித்து, திரும்பி வந்து பாதியைக் கொடுத்தவர்களும் உண்டு. பலகை எண் ஒரு நாள் ஐயாயிரம் இறங்கும், பத்து நாள் அப்படியே நிற்கும்.  நிற்கிற எண்ணை அவள் இனிமேல் நம்புவதாக இல்லை. ஏன் நிற்கிறது என்று இரண்டு புத்தகத்தையும் பக்கம் பக்கமாய்ப் புரட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

இப்படிப் பத்தொன்பது மாதம். ஒரு மாலை, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாய் வாக்கரோடு இருந்த தபால்காரர் வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வரவில்லை; தபால்பை மாதிரி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பழைய ஆள், முன்பணம் கட்டிய காலத்து ஆள். சக்கரக்கா அவர் காலைப் பார்த்தாள். நேரான, நல்ல நடை. பெட்டிப் பக்கம் கண்ணே போகவில்லை.  இரண்டாயிரத்தைக் கையில் வைத்துவிட்டு, "அந்த வாசல்வரைக்கும் இன்னொரு தடவ நடங்களேன், பாப்போம்" என்றாள். அவர் நடந்தார். அவள் கைதட்டினாள், நட்டு தட்டினான், தலைவர் மருந்துக்கடையிலிருந்து ஓடிவந்து தட்டினார், தெருவே கூடித் தட்டியது. அந்த ஆரவாரத்தோடு அவள் வெளியே போய்ப் பலகையைத் துடைத்து, முட்டை அளவுக்குப் பெரிதாய் ஒரு பூஜ்யம் போட்டாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றான் நட்டு. இந்தக் கதையை எழுதி நான் அவனுக்கு வாசித்துக் காட்டும்போது பக்கத்தில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தவன். "பூஜ்யமா? எவன் சொன்னான்? அன்னைக்குப் பலகையில முப்பத்தெட்டாயிரம் இருந்துச்சு. இன்னைக்கும் பதினோராயிரம் இருக்கு, வேணும்னா எழுந்து போய்ப் பாருங்க. தெருவும் கூடல, மழை பெஞ்சுச்சு. நானும் தலைவரும்தான். அக்கா நடக்கச் சொன்னது நெசம். ஆனா உடனே சொல்லல. மொதல்ல பெட்டியில மிச்சம் இருக்கறத ரெண்டு தடவ எண்ணிப் பாத்துச்சு, அடுத்து வர்றவருக்கு இருக்கான்னு. இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் சொல்லுச்சு."